அப்பாவுக்கு மயக்க ஊசி ஜாஸ்தியாப் போட்டுட்டாங்களா டாக்டர்?

டாக்டர் ஐயா வணக்கம். எங்க ஊரு நீடாமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 74 வயசு. சம்பா நடவு அப்ப வரப்புல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சிடுச்சு, தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணோம், நல்லபடியா முடிஞ்சிடுச்சுன்னுதான் சொன்னாங்க. ரெண்டாம் நாள் ராத்திரி திடீர்னு எந்திரிச்சு ட்ரிப்ஸ் ஊசியப் பிடுங்கிப் போட்டுட்டு "மடை ஒடச்சிக்கிச்சுடா, மம்பட்டிய எடு"ன்னு ஒரே சத்தம். நர்ஸ் பொண்ணப் பாத்து செத்துப்போன எங்க அத்தை பேரச் சொல்லிக் கூப்புடறாரு. காலையில கேட்டா ஒண்ணுமே ஞாபகம் இல்ல. 4 நாள்ல அது அடங்கிடுச்சு. இப்ப 5 வாரம் ஆவுது, ஆனா பழைய ஆளு இல்ல. 62 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ, அப்ப 24 குவிண்டால் 80 கிலோன்னு கொள்முதல் நிலையத்துல எடை போடறவன் வாயத் தொறக்கறதுக்குள்ள சொல்லிடுவாரு, இப்ப விரல விட்டு எண்ணிட்டு பாதியில விட்டுடறாரு. பகல்லயும் தூக்கம். மயக்க ஊசி ஜாஸ்தியாப் போட்டதுல மூளை பாதிச்சிடுச்சுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, குணசீலம் பெருமாள் கோயிலுக்கு கூட்டிட்டுப் போங்கறாங்க, சித்தப்பா நிலத்துப் பத்திரத்த இப்பவே முடிச்சிடலாம்ங்கறாரு. என்ன பண்றதுன்னே புரியல.

தம்பி, பத்திரம் இப்ப வேண்டவே வேண்டாம். கணக்கு தடுமாறுற மனுஷன்ட்ட கையெழுத்து வாங்கறது சரியும் இல்ல, நாளைக்கு கோர்ட்ல நிக்காமயும் போயிடலாம், சித்தப்பாட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.

அடுத்தது நீங்க எழுதாத ஒண்ண கேக்கறேன். வரப்புல விழுந்தப்ப தலையில அடி பட்டுச்சா? இடுப்பு வலியில அத யாரும் கவனிச்சிருக்க மாட்டீங்க, அவருக்கே தெரிஞ்சிருக்காது. வயசானவங்களுக்கு லேசா இடிச்சாலே மண்டை ஓட்டுக்குள்ள மெதுவா ரத்தம் கசிஞ்சு, 3 வாரம் 4 வாரம் கழிச்சுதான் வேலையக் காட்டும். இடுப்பு ஆபரேஷனுக்கு அப்பறம் கால்ல ரத்தம் கட்டாம இருக்க ஊசி மாத்திரை வேற குடுத்திருப்பாங்க, அது இந்தக் கசிவ இன்னும் ஜாஸ்தியாக்கும். பகல் தூக்கம், கணக்கு தடுமாறுறதுன்னு நீங்க சொன்னதும் எனக்கு மொதல்ல அதுதான் உறுத்துச்சு. தலைவலி, நடை தள்ளாடுறது, ஒரு பக்கம் கை பலம் கொறையறது இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ஓடுங்க, இல்லாட்டியும் இந்த வாரத்துக்குள்ள ஒரு சிடி ஸ்கேன் பாத்துடுங்க. இருந்தா சின்ன ஓட்டை போட்டு வெளிய எடுத்துடலாம். எல்லாத்தையும் மயக்க ஊசி தலையில கட்டிட்டா இந்த மாதிரி சரி பண்ணக்கூடியத கோட்டை விட்டுடுவோம், என் 30 வருஷ சர்வீஸ்ல அப்படி விட்டத நானே பாத்திருக்கேன்.

மடை ஒடஞ்ச ராத்திரிக்கு வருவோம். அதுக்குப் பேரு டெலிரியம், பைத்தியம் இல்ல. ஆபரேஷன் ஆன மொத மூணு நாளுக்குள்ள வரும், சாயங்காலத்துக்கு மேல கூடும், காலையில தெளிஞ்ச மாதிரி இருக்கும், திரும்ப வரும். இடுப்பு ஒடஞ்ச வயசானவங்கள்ட்ட ரொம்ப சாதாரணம். ஊசி மருந்து உடம்புல தங்கறது சில மணி நேரம்தான், அதனால ரெண்டாம் நாள் ராத்திரி கத்துனதுக்கு அது மட்டும் காரணமா இருக்க முடியாது. ஒடஞ்ச எலும்பு, அறுத்த காயம், அதுலேந்து கெளம்புற அழற்சி, வலி, தூக்கம் இல்லாதது, தண்ணி கொறையறது, உப்பு எறங்கறது, யூரின் கட்டிக்கறது, மலச்சிக்கல் எல்லாம் சேந்து ஒரே நேரத்துல மூளைய அமுக்குது. ஆத்துல தண்ணி கொறஞ்சா மொதல்ல காயறது கடைமடைதானே, வயசான மூளை அந்த மாதிரி, கையிருப்பு கம்மி.

இன்னொண்ணு, கோவப்படாதீங்க. அப்பா தெனம் சாயங்காலம் கொஞ்சம் போடுவாரா? போடுறவர்னா ஆஸ்பத்திரியில திடீர்னு நின்னுபோன ரெண்டு மூணு நாள்ல நடுக்கமும் உளறலும் வரும், அதுக்கு வைத்தியமே வேற. வீட்டுப் பொம்பளைங்க மானம் போயிடும்னு டாக்டர்ட்ட மறச்சிடறாங்க, எத்தன தடவ பாத்துட்டேன்.

இப்ப இருக்கற தடுமாற்றத்துக்கு கணக்கு இருக்கு. 1998ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, பெரிய ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 60 வயசுக்கு மேற்பட்ட 1218 பேர். ஒரு வாரத்துல நூத்துக்கு 26 பேருக்கு ஞாபகமும் யோசனையும் கொறஞ்சிருந்துச்சு, 3 மாசத்துல அது 10 பேரா எறங்கிடுச்சு, ஆபரேஷனே பண்ணிக்காதவங்கள்ட்டயும் அதே டெஸ்ட்ல 3 பேர் அப்படித்தான் இருந்தாங்க. ஆக்சிஜன் கொறஞ்சதாலயா, பிரஷர் எறங்குனதாலயான்னு தேடிப் பாத்தாங்க, அதுக்கும் இதுக்கும் தொடர்பு கெடைக்கல. அதனால ஊசி ஜாஸ்தின்னு ஆஸ்பத்திரி மேல சண்டைக்குப் போக இப்பவே அவசரப்படாதீங்க, 5 வாரம் சின்ன டைம்.

ஸ்கேனோட சோடியம் (ரத்தத்துல இருக்கற உப்பு), ஹீமோகுளோபின், சுகர், தைராய்டு, பி12, யூரின் டெஸ்ட் பண்ணுங்க. வலிக்கு ட்ரமடால், தூக்கத்துக்கு அல்ப்ரஸோலம், அரிப்புக்கு அவில்னு மாத்திரைப் பையில எதாவது ஓடிட்டிருக்கான்னு பாத்து டாக்டர்ட்ட காமிங்க, ஆனா தூக்க மாத்திரைய வருஷக்கணக்கா சாப்புட்டவர்னா நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க, அது வேற வம்பு. 3 மாசம் ஆகியும் கணக்கு வரலன்னா தஞ்சாவூர் மெடிக்கல்ல நியூரோ ஓபில காமிங்க, ஏற்கனவே லேசா இருந்த மறதி இந்த ஆபரேஷன்ல வெளிய வந்திருக்கலாம். அதுவரைக்கும் பகல்ல வெளிச்சத்துல உக்கார வைங்க, வாக்கர் புடிச்சு நடக்க விடுங்க, "இதுகூடத் தெரியலயா"ன்னு பேரப்புள்ளைங்க முன்னாடி பரிச்சை வைக்காதீங்க. குணசீலம் தாராளமா போங்க, பெருமாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு, சோடியம் பாத்துட்டுப் போங்க.

எனக்கு 52 வயசு, கும்பகோணம். கர்ப்பப்பை எடுத்து 2 மாசம் ஆவுது. அடுப்புல பால வச்சிட்டு மறந்துடறேன், பீரோ சாவிய ஃப்ரிட்ஜ்ல வச்சேன். எனக்கும் மூளை போயிடுச்சா?

சாவிய ஃப்ரிட்ஜ்ல வச்சது இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் இருக்கே தங்கச்சி, அதுவே நல்ல சேதிதான். உங்க வயசுக்கு வேற காரணம் தேடணும். கர்ப்பப்பை எடுக்கற அளவுக்கு ரத்தப்போக்கு இருந்திருந்தா ரத்தசோகை இருக்கும், மொதல்ல ஹீமோகுளோபின். சினைப்பையும் சேத்து எடுத்தாங்களான்னு டிஸ்சார்ஜ் சம்மரில பாருங்க, எடுத்திருந்தா ஒரே நாள்ல மாதவிடாய் நின்ன மாதிரி ஆயிடும், உடம்பு திகுதிகுன்னு எரிஞ்சு ராத்திரி தூக்கம் கெட்டு மறதி வரும். தைராய்டும் பாத்துடுங்க. பால் வச்சா அடுப்ப விட்டு நகராதீங்க.

அம்மாவுக்கு 81 வயசு, அடுத்த மாசம் முட்டி ஆபரேஷன். ஞாபகம் போவாம இருக்க முதுகுல போடற ஊசிதான் நல்லதாமே? — மன்னார்குடி வாசகி

அப்படித்தான் நாங்களும் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தோம். 2021ல அமெரிக்கா, கனடாவுல இடுப்பு ஒடஞ்ச 1600 பேர ரெண்டாப் பிரிச்சு பாத்தாங்க, பாதிப் பேருக்கு முதுகு ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம், ரெண்டு பக்கமும் நூத்துக்கு 20 பேர் மாதிரி டெலிரியம் வந்துச்சு. முட்டி வேற இடுப்பு வேறதான், ஆனாலும் ஞாபகத்துக்குன்னு மட்டும் முதுகு ஊசிய கேட்டு அடம் புடிக்காதீங்க. இதயம், நுரையீரல பாத்து மயக்க டாக்டர் முடிவு பண்ணட்டும். நீங்க அவர்ட்ட சொல்ல வேண்டியது, அம்மாவுக்கு இப்பவே பேரு மறக்குதா, என்னென்ன மாத்திரை சாப்புடறாங்க, அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, கத்தறவங்கள எல்லாரும் பாப்பாங்க. சத்தமே இல்லாம செவுத்தப் பாத்து படுத்துக்கிட்டு, கூப்புட்டா ஒரு வார்த்தை சொல்லிட்டு கண்ண மூடிக்கறாங்களே, அதுவும் டெலிரியம்தான். "பாட்டி சமத்தா தூங்கறாங்க"ன்னு விட்டுடுவாங்க. அப்படி இருந்தா நீங்கதான் டாக்டர்ட்ட சொல்லணும்.

டாக்டரான என் வீட்லயே நடந்தத சொல்றேன். எங்க அம்மாவுக்கு கண்ணுல இல்ல, காதுல கொறை. அவங்க ஆபரேஷனுக்கு மருந்து, ரிப்போர்ட், புடவை எல்லாம் எடுத்துட்டுப் போன நான் காது மிஷின வீட்ல கண்ணாடி ஸ்டாண்ட்ல வச்சிட்டு போயிட்டேன். ஜன்னல் இல்லாத ரூம், ராத்திரியும் டியூப்லைட், மணி தெரியல, யாரு என்ன பேசறாங்கன்னு கேக்கல. ரெண்டு ராத்திரி என்னையவே "நீ யாருப்பா"ன்னு கேட்டாங்க. மூணாம் நாள் தம்பி மிஷின கொண்டாந்து மாட்டிவிட்டான், அன்னைக்கு சாயங்காலமே "சாப்புட்டியாடா"ன்னாங்க. அது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா மூக்குக்கண்ணாடி, காது மிஷின், பல் செட்டு, ஒரு சின்ன கடிகாரம், வீட்ல அவங்க பாக்கற தினசரி காலண்டர் இதெல்லாம் பையில போடுங்க, ராத்திரி கூட படுக்க வீட்டு ஆளு ஒருத்தர் இருக்கட்டும், காது மிஷினுக்கு பேட்டரி ரெண்டு செட்டு சேத்தே வாங்கிடுங்க.