கேள்வி – பதில்: கணினி வழியே வீட்டில் நல்ல இசை

கேள்வி: நான் ஓர் ஆசிரியர். வீட்டுத்திட்டத்தில் கட்டிய எங்கள் வீட்டில், பாட்டுக் கேட்பதற்கென்று 12 அடிக்கு 10 அடி அறையொன்றை ஒதுக்கியிருக்கிறேன். பழைய மடிக்கணினி ஒன்று கைவசம் உண்டு. கர்நாடக இசையும் பழைய திரைப்பாடல்களுமே அதிகம் கேட்பேன். புதிய கணினியும் விலைகூடிய சவுண்ட் கார்டும் வாங்கி, ஐந்து சிறிய ஸ்பீக்கர்களும் மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கான ஒரு சப்வூஃபரும் கொண்ட தொகுதியைப் பூட்டும்படி கடையில் சொல்கிறார்கள். எதை முதலில் வாங்குவது? – ச. ந., கிளிநொச்சி

பதில்: ஸ்பீக்கரை முதலில் வாங்குங்கள், கணினியை மாற்ற வேண்டாம். கோப்பில் உள்ள எண்களை ஒன்று விடாமல் வெளியே அனுப்புவது மட்டுமே கணினியின் வேலை. அதைப் பத்து வருடம் பழகிய கணினியும் குறைவின்றிச் செய்யும். அந்த எண்கள் மின்னலையாகி, பின்னர் காற்றில் அதிர்வாகி, உங்கள் காதுக்கு வந்து சேரும் வழியில்தான் இசை கெடுகிறது. அவ்வழியில் மிகப் பெரிய பிழைகளைச் செய்பவை ஸ்பீக்கரும் அறையுமே.

மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் ஓர் இரைச்சல் கலந்திருக்கும். பாட்டு ஓடாத வேளையில் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு மவுஸை அசைத்துப் பார்த்தால், சில கணினிகளில் மெல்லிய கீச்சொலி கேட்கும். ஆகவே யூ.எஸ்.பி. துளையில் பூட்டும் சிறிய டாக் ஒன்றை வாங்குங்கள். எண்களை மின்னலையாக மாற்றும் பெட்டி அது. இக்காலத்தில் மலிவான டாக் கூட ஸ்பீக்கரைவிடப் பலமடங்கு துல்லியமானது. கணினியில் ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதன் வெளியீட்டை விண்டோஸின் வாசாபி (WASAPI) தனிவழிக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் தன்னிடம் வரும் எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரிவீதத்துக்கு (வினாடிக்கு எத்தனை எண்கள் என்ற அளவுக்கு) மாற்றிக் கலந்து அனுப்பும் வழக்கமுடையது. தனிவழியில் அந்தக் கலப்பு நிகழாது. ஆலாபனையின் நடுவே மின்னஞ்சல் மணியும் குறுக்கிடாது.

கடைக்காரர் சொன்ன ஐந்து ஸ்பீக்கர்த் தொகுதி படம் பார்ப்பவர்களுக்கு உரியது. நீங்கள் கேட்கும் இசைத்தட்டுகளும் (சி.டி.) கோப்புகளும் பெரும்பாலும் இரண்டு தடங்களில் உள்ளவை, பழைய பாடல்கள் பல ஒரே தடத்தில் பதிந்தவை. அதே பணத்தில் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களை வாங்கினால், ஆறு பெட்டிகளுக்குள் சிதறும் தரம் இரண்டில் சேரும். ஒதுக்கிய பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஸ்பீக்கருக்கும் அம்பிளிபயருக்கும் வையுங்கள். அம்பிளிபயர் உள்ளேயே அமைந்த ஸ்டூடியோ மொனிற்றர் வகை ஸ்பீக்கர்கள் சிறிய அறைக்கு மிகவும் ஏற்றவை. தனி அம்பிளிபயர் வைப்பதானால், ஸ்பீக்கருக்குச் செல்லும் வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியுள்ள சாதாரண இரட்டை வயராக இருந்தால் போதும். விலைகூடிய ‘இசை வயர்’களுக்குப் பணம் கொடுப்பதை நான் எவருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

சப்வூஃபர் தேவையா என்பதை நீங்கள் கேட்கும் இசையைக் கொண்டே தீர்மானிக்கலாம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய சட்ஜம் ஏறக்குறைய 131 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 131 அதிர்வுகள். அவருக்குப் பின்னால் ஒலிக்கும் தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தி ஏறக்குறைய 65 ஹேர்ட்ஸ். திரைப்பாடல்களில் வரும் பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸில் அதிரும். ஆறு அல்லது ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் கூம்பு) கொண்ட ஒரு நல்ல ஸ்பீக்கர் 50 ஹேர்ட்ஸ் வரை தெளிவாக இறங்கும் என்பதால், தம்புரா முழுமையாகக் கிடைக்கும். பேஸ் கிற்றாரிலும் அடிமட்டச் சுரங்கள் சிலவற்றின் கனம் மட்டுமே சற்றுக் குறையும். மலிவான சப்வூஃபரோ எந்தச் சுரம் வந்தாலும் ஒரே சுரத்தில் முழங்கும். மிருதங்கத்தின் தொப்பியும் தவிலும் அதற்குள் வேறுபாடற்றுப் போய்விடும். அந்த முழக்கத்தைத் தரம் என்று நம்பிப் பணம் கொடுப்பவர்களைப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது.

இனி அறைக்கு வருவோம். ஒரு சதமும் செலவழிக்காமல் அதிக பலன் பெறக்கூடிய இடம் இதுதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி முன்னும் பின்னும் மோதித் திரும்பும்போது, சுவர் இடைவெளியின் இரு மடங்கு அலைநீளமுள்ள ஒலி அவ்விடத்திலேயே நிலைகொண்டு பெருகும். நமது வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் செல்லும். ஆகவே உங்கள் அறையின் 12 அடி நீளம் 48 ஹேர்ட்ஸையும், 10 அடி அகலம் 57 ஹேர்ட்ஸையும், அவற்றின் மடங்குகளையும் தூக்கிக் கொடுக்கும். நீளவாட்டின் நட்டநடுவில் கதிரையைப் போட்டால் அந்த 48 ஹேர்ட்ஸ் அங்கு ஏறத்தாழ மறைந்துவிடும். பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அளவுக்கு மீறி ஒலிக்கும். பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி அமர்ந்து பாருங்கள். ஸ்பீக்கர்களை 10 அடிச் சுவர்ப் பக்கமாக, சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னே இழுத்து, மூலைகளைத் தவிர்த்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலை வரையுள்ள தூரமும் சமமாகும்படி வையுங்கள். உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ட்வீற்றர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். அலுமாரியின் மேல் ஏற்றி வைத்த ஸ்பீக்கரிலிருந்து நல்ல இசை வராது. சீமெந்துக் கற்களை அடுக்கி மேலே ஒரு பலகையும் இறப்பர்த் துண்டுகளும் வைத்தால், உறுதியான தாங்கி கிடைத்துவிடும்.

பூசிய சுவரும் சீமெந்துத் தரையும் மேல் அலைவரிசைகளை அப்படியே திருப்பி அடிக்கும். அறை நடுவே நின்று ஒருமுறை கை தட்டினால் ‘டர்ர்’ என்ற நடுக்கம் எழும். வயலின் காதைக் குத்துவதற்கும் பாடகரின் சொற்கள் மங்குவதற்கும் இதுவே காரணம். தரையில் தடித்த விரிப்பு, ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையில் பக்கச் சுவர்களில் புத்தக அடுக்கு அல்லது தடித்த திரை, பின்னால் பஞ்சு மெத்தை ஆகியவை போதுமானவை. கூரை ஓடாகவும் சீலிங் அடிக்காமலும் இருந்தால் அது உங்களுக்கு வாய்ப்பே. சரிந்த கூரை தரைக்கு நேரெதிராக நின்று ஒலியைத் திருப்புவதில்லை. யன்னலைத் திறந்து வைத்தால் தாழ்ந்த ஒலிகளின் ஒரு பகுதி வெளியேறி முழக்கம் தணியும். இத்தனைக்குப் பிறகும் ஒரு சுரம் மட்டும் முழங்கினால், ஈக்குவலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருளில் அந்த அலைவரிசையை மட்டும் ஐந்தாறு டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) குறைத்துவிடலாம். வாசாபி தனிவழியில் இது வேலை செய்யாது என்பதால், அப்போது ஃபூபார்2000இன் வெளியீட்டைச் சாதாரண வழிக்கே மாற்றிக்கொள்ளுங்கள். மறைந்துபோன அலைவரிசையை இந்த வழியில் ஏற்ற முயலக் கூடாது. ஸ்பீக்கர் திணறுமேயன்றிச் சுரம் திரும்பாது.

கேள்வி: ஸ்பீக்கரில் எப்போதும் ‘ம்ம்’ என்ற உறுமல் கேட்கிறது. சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. மின்சாரமும் ஏறி இறங்குகிறது. என்ன செய்யலாம்? – ம. து., புதுக்குடியிருப்பு

பதில்: நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மடிக்கணினிக்கு ஒரு பிளக் வழியாகவும் அம்பிளிபயருக்கு இன்னொரு பிளக் வழியாகவும் ஏர்த் கிடைக்கும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஒலி வயரின் வழியே ஓடி, 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமலாகக் கேட்கிறது. இரண்டையும் ஒரே பலவழிப் பிளக்கில் செருகுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால், பாட்டுக் கேட்கும் வேளையில் கணினியை பற்றரியில் ஓட விடலாம், அல்லது ஒலி வயரில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்போமர் ஒன்றை இடையில் பூட்டலாம். உறுமலை நிறுத்துவதற்காக ஏர்த் ஊசியை வெட்டும்படி யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். பழுதடைந்த அம்பிளிபயரின் இரும்புக் கூட்டில் 230 வோல்ட் நிற்கும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த ஊசிதான். வன்னி மண் ஆனி, ஆடியில் வரண்டு இறுகும்போது ஏர்த் கம்பியின் பிடிப்பும் குறையும் என்பதால், மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு அதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஏறி இறங்கும் மின்சாரத்துக்கு வோல்ற்றேஜ் ஸ்டபிலைசர் உதவும். யூ.பி.எஸ். வாங்கினால் சைன் அலை தருவதாகப் பார்த்து வாங்குங்கள். சதுர அலை தரும் மலிவான பெட்டிகளாலும் சில சோலர் இன்வேட்டர்களாலும் அம்பிளிபயரின் டிரான்ஸ்போமர் இரையும். இடிமின்னலுக்கு மட்டும் எந்தப் பெட்டியையும் நம்ப வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலையில் வானம் இருண்டால், பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிடுவதே ஒரே காவல்.

கேள்வி: 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் கோப்புகள் இசைத்தட்டைவிடச் சிறந்தவையா? யூடியூபில் கேட்டால் போதாதா? – இ. வ., மல்லாவி

பதில்: கேட்பதற்கு 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் போதும். வினாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வோர் எண்ணும் 16 பிட் நீளம் என்பது இதன் பொருள். 1982இல் இசைத்தட்டோடு வந்த இந்த அளவு, மனிதச் செவியின் மேல் எல்லையான 20 கிலோஹேர்ட்ஸ் வரை முழுமையாகப் பதிவதுடன், மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளியும் தருகிறது. இடத்தை மிச்சப்படுத்த விரும்பினால் ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். ஒரு எண்ணும் இழக்கப்படாமல் கோப்பு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். பாட்டுப் பதிவு நல்லதாக இல்லாவிட்டால் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை. இலவச யூடியூபில் வருவது வினாடிக்கு 160 கிலோபிட்டுக்கு உட்பட்ட சுருக்கிய ஒலி. புதிய பாடல்களைத் தேடிக் கேட்க அது போதும். ஆனால் பழைய கச்சேரிகளைப் பலர் சுருக்கியதையே மீண்டும் சுருக்கி ஏற்றியிருப்பதால், ஜால்ராவின் ஓசை நீரில் நனைந்ததுபோல் வழவழத்துக் கேட்கும். அதே கச்சேரி இசைத்தட்டில் கிடைக்குமானால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: எனது தாத்தா பாடிய காத்தவராயன் கூத்து, தொண்ணூறுகளில் பதிந்த கசெற்றில் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் குரல் மெல்லியதாகவும் வேகமாகவும் கேட்கிறது. இதைக் கணினியில் ஏற்றிச் சரிசெய்ய முடியுமா? – பெ. க., முள்ளியவளை

பதில்: முடியும், இதைத் தள்ளிப் போடாமல் இந்த மாதமே செய்துவிடுங்கள். வன்னியில் மின்சாரமும் பற்றரியும் கிடைக்காதிருந்த அக்காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றியும் ஓய்ந்துபோன பற்றரிகளைக் கொண்டும் ரேப் ரெக்கோடரை இயக்கினார்கள். மின்சாரம் குறைந்தால் மோட்டர் மெதுவாகச் சுழலும். மெதுவாகப் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் உயர்ந்து, பாட்டும் விரையும். உங்கள் தாத்தாவின் குரலுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

முதலில் நாடாவைப் பாருங்கள். வெண்ணிறப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டாமல், இதில் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், ஒருமுறை முன்னோக்கியும் பின்னோக்கியும் முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு, கசெற் பிளேயரின் தலையை ஐசோபுரோபைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். தலைக்கு அருகிலுள்ள சிறிய திருகாணியை மிக மெதுவாகத் திருப்பி, உயர்ந்த ஒலிகள் எங்கு மிகத் தெளிவாகக் கேட்கின்றனவோ அங்கு நிறுத்துங்கள். ஒவ்வொரு கசெற்றுக்கும் இது வேறுபடும். பிறகு லைன் உள்வாங்கல் (line-in) உள்ள யூ.எஸ்.பி. பெட்டி வழியாக, ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். மிகப் பலத்த இடமும் உச்சத்துக்கு ஏழெட்டு டெசிபல் கீழே நிற்கட்டும். கேட்பதற்கு 16 பிட் போதும் என்று மேலே சொன்னேன். பதியும்போது மட்டும் கூடுதல் பிட்டுகள் பயன்படும், ஏனெனில் பின்னர் ஒலியைக் கூட்டிக் குறைக்கையில் அவை இடங்கொடுக்கும்.

வேகத்தைச் சரிசெய்ய, கூத்துக்கு வாசித்த ஹார்மோனியத்தைத் துணைக்கு எடுங்கள். அதன் கட்டைகளின் சுருதி பாடகர் மாறினாலும் மாறாது. பதிவில் ஒரு கட்டை நீண்டு ஒலிக்கும் இடத்தைப் பிடித்து, ஊரில் இருக்கும் ஹார்மோனியத்தோடு ஒப்பிடுங்கள். அரைச்சுரம் உயர்ந்திருந்தால் வேகம் ஏறக்குறைய 6 வீதம் கூடியிருக்கிறது என்று பொருள். ஒடாசிற்றியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையால் அதைக் குறைக்கலாம். எந்தக் கட்டையை வாசித்தார்கள் என்பதில் ஐயமிருந்தால், தாத்தாவின் குரலை நேரில் கேட்ட பெரியவர்களை அருகில் இருத்தி முடிவெடுங்கள். டைனமோவில் ஓடியிருந்தால் வேகம் இடையிடையே மாறும். அப்படியானால் பகுதி பகுதியாகத் திருத்த வேண்டும். இரைச்சல் நீக்கும் வசதியை மிகச் சிறிதளவே பயன்படுத்துங்கள். அளவு மீறினால் குரலின் உயிர்ப்பும் இரைச்சலோடு போய்விடும். திருத்தாத மூலப் பதிவைத் தனிக் கோப்பாக வையுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். பாடியவர், ஹார்மோனியம் வாசித்தவர், ஆடிய களம் ஆகிய விபரங்களையும் கோப்போடு எழுதி வைக்க மறவாதீர்கள். கசெற்றை எறியக் கூடாது.

கேள்வி: ஸ்பீக்கர்ப் பெட்டியின் அடியைக் கறையான் அரித்துவிட்டது. இனி வாங்குவதைக் காப்பது எப்படி? – த. ர., ஒட்டுசுட்டான்

பதில்: இந்தப் பெட்டிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை, கறையானுக்கு அது விருப்பமான உணவு. தரையில் நேரே வைக்காமல் இரும்புத் தாங்கியில் வையுங்கள். சுவரிலிருந்து தள்ளி வைப்பது இசைக்கும் நல்லது என்பதை முதற் பதிலில் பார்த்தோம். தாங்கியின் காலில் மண் கோடு ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து, ஏறினால் துடைத்துவிடுங்கள். பூச்சி மருந்தை ஸ்பீக்கரின் கூம்பில் படும்படி அடிக்கக் கூடாது. கூம்பைச் சுற்றியுள்ள இறப்பர் விளிம்பு கெட்டுவிடும்.