தனி கிட்டார், பெரிய ஹால்: பிக்கப், ஆம்ப் கேள்வி பதில்

18 வருஷமாகச் சென்னையில் தனியாளாக அகூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், பெசன்ட் நகர் கஃபே, கம்பெனி விருந்து எல்லாம் பார்த்தாயிற்று. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குவது), ஆம்ப் (அதைப் பெருக்கிக் கேட்க வைப்பது) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

அண்ணா, என் கிட்டாரில் பிக்கப் இல்லை. அடுத்த மாதம் ஒரு ரிசப்ஷன். எதைப் போடலாம்? (வேளச்சேரி)

ரிசப்ஷன் என்றால் சவுண்ட்ஹோலில் (கிட்டாரின் நடுவில் இருக்கும் வட்டத் துளையில்) மாட்டும் மேக்னடிக் பிக்கப் வாங்கு தம்பி. இரண்டு ஸ்குரூவை முறுக்கினால் உட்கார்ந்துவிடும், கிட்டாரில் ஓட்டை போட வேண்டாம். கம்பி அசைவதை மட்டும்தான் அது பிடிக்கும், கிட்டார் பெட்டியின் அதிர்வு அதிகம் ஏறாது. அதனால் பக்கத்திலேயே பெரிய ஸ்பீக்கர் இருந்தாலும் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரில் மறுபடி ஏறி ஊளையிடுவது) குறைவு. சத்தம் கொஞ்சம் எலக்ட்ரிக் கிட்டார் சாயலில் இருக்கும், உண்மைதான். பிரியாணி வரிசையில் நிற்பவருக்கு அது தெரியாது.

வீட்டில் எது இனிமையாகக் கேட்கிறது என்று பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். எங்கே வாசிக்கப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மேல்பலகைக்கு அடியில் ஒட்டும் காண்டாக்ட் பிக்கப் என் அறையில் தேன் மாதிரி இருக்கும். அதையே டி.ஜே. பாக்ஸ் பக்கத்தில் வைத்தால் ஊளையிடும்.

ஒரு விஷயம் கவனி. வெண்கலக் (bronze) கம்பிகளில் மேலே சுற்றியிருக்கும் வெண்கலத்தைக் காந்தம் பிடிக்காது, உள்ளே இருக்கும் இரும்பை மட்டும்தான் பிடிக்கும். அதனால் சுற்று இல்லாத முதல் இரண்டு கம்பிகள் தூக்கலாகக் கேட்கும். பிக்கப்பில் கம்பிக்குக் கம்பி உயரம் மாற்றும் ஸ்குரூ இருந்தால் அந்த இரண்டு கம்பிகளுக்கானதை இறக்கு.

நான் வாசிப்பது நைலான் கம்பி. அதே பிக்கப் போடலாமா? (மயிலாப்பூர்)

வேண்டாம் மேடம், சத்தமே வராது. நைலானில் காந்தத்துக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு பீசோதான் (காந்தம் இல்லாமல் அழுத்தத்தை, அதிர்வைச் சிக்னலாக்குவது) வழி: சேடலுக்கு (பிரிட்ஜ் மேல் கம்பிகள் படிந்திருக்கும் சின்னக் கட்டைக்கு) அடியில் போடுவது, அல்லது வீணைக்காரர்கள் ஒட்டுகிற மாதிரி காண்டாக்ட் மைக். ஒட்டுவதென்றால் முதலில் களிமண் மாதிரி ஒட்டும் புட்டியால் (putty) தற்காலிகமாக ஒட்டி, பிரிட்ஜைச் சுற்றி ஒரு விரல்கடை நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். இடம் மாறினால் கிட்டாரே மாறின மாதிரி இருக்கும்.

சேடலுக்கு அடியில் பீசோ போட்டேன். மேடையில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. பிக்கப் மட்டமா? (அம்பத்தூர்)

பெரும்பாலும் பிக்கப் மேல் தப்பு இருக்காது. கிட்டாருக்குள் பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் (பிக்கப்பின் சிக்னலை ஆம்புக்கு முன்னாலேயே பலப்படுத்துவது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் காரணம் இம்பிடன்ஸ், அதாவது செருகும் இன்புட் சிக்னலுக்குக் காட்டும் தடை. பீசோ என்பது சின்ன கெப்பாசிட்டர் மாதிரி. அதை மிக்ஸரின் லைன் இன்புட்டில், அதாவது சுமார் 10 கிலோஓமில், நேராகச் செருகினால் கீழ்ச்சுருதி முழுக்கக் காணாமல் போய்விடும். மிஞ்சுவது கீச்சுதான். 1 மெகாஓம் இன்புட் தேவலை, 10 மெகாஓம் நல்லது. எல்.ஆர். பேக்ஸ் பாரா டி.ஐ. போன்ற ப்ரீஆம்புகள் இதற்காகவே செய்தவை.

எழும்பூரில் ஒரு ஹாலில் எனக்கு நேர்ந்தது இது. மைக் செட்காரர் ஒரு பாஸிவ் (கரண்ட் வேண்டாத) டி.ஐ. பாக்ஸ் கொடுத்தார், கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றுகிற டப்பா அது. நானும் செருகிவிட்டேன். அதன் இன்புட் 140 கிலோஓம் போல இருக்கும், பீசோவுக்குப் போதாது. ஆறாவது கம்பியை அடித்தால் டப்பாவில் விழுந்த ரப்பர் பேண்ட் மாதிரி ஒரு சத்தம். பேஸை ஏற்றிக்கொண்டே போனார், ஹம்தான் ('ம்ம்' என்ற கரண்ட் இரைச்சல்) ஏறியது. அன்றிலிருந்து என் பையில் சொந்த ப்ரீஆம்ப் இல்லாமல் கிளம்புவதில்லை. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பெரிய ஆம்புக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

அதற்குப் பிறகும் 'க்வாக்' என்கிற அந்தத் தகரச் சத்தம் இருந்தால் 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஒரு கம்பி மட்டும் மெலிந்து கேட்டால் சேடலின் அடிப்பக்கம் சமமாக இல்லை என்று அர்த்தம், பட்டறைக்காரரிடம் கொடுங்கள்.

ஐந்தாவது கம்பியைத் தொட்டாலே 'ஊம்' என்று கத்துகிறது. (பெரம்பூர்)

கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்குத் தனக்கென்று ஒரு சுருதி உண்டு. பெரிய உடம்புள்ள கிட்டார்களில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும், உங்கள் ஐந்தாவது கம்பி 110. ஸ்பீக்கர் அந்தச் சுருதியைக் கொடுக்கக் கொடுக்கப் பெட்டி வாங்கித் திருப்பிக் கொடுக்கும்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். சவுண்ட்ஹோலுக்கு நேராக வாயை வைத்து, கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி, கீழ்ச்சுருதியிலிருந்து மெல்ல முனகிக்கொண்டே மேலே ஏறுங்கள். ஓர் இடத்தில் பெட்டியே கூடச் சேர்ந்து முனகும், முதுகுப் பலகை வயிற்றில் அதிர்வது தெரியும். அந்த ஸ்வரம்தான் எதிரி. ப்ரீஆம்பில் நாட்ச் (ஒரு சுருதியை மட்டும் வெட்டும் திருகு) இருந்தால் அதை அங்கே வையுங்கள். ஃபேஸ் பட்டன் (சிக்னலைத் தலைகீழாக்குவது) இருந்தால் அழுத்திப் பாருங்கள், சில சமயம் அதுவே போதும். ரப்பர் மூடி ஒன்று வாங்கிச் சவுண்ட்ஹோலை அடைப்பது அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

கஃபேயில் 40 பேர். எத்தனை வாட்ஸ்? (அடையாறு)

60 போதும். ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி அந்த அளவுதான்: கிட்டாருக்கு ஒன்று, பாட்டு மைக்குக்கு ஒன்று என்று இரண்டு சேனல். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய ஃபாண்டம் பவர் அதில் கிடையாது. கரண்ட் இல்லாத இடமென்றால் ரோலண்ட் ஏ.சி. 33, டபுள் ஏ பேட்டரி எட்டில் ஓடும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும், அதனால் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஆம்பைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் ஏற்றினாலே பாதிக் குழப்பம் தெளியும். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் வேண்டாம், அதில் ட்வீட்டர் (மேல்சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) இல்லை, மேல்சுருதி மழுங்கிவிடும்.

மண்டபத்தில் ஒரே ஹம். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் போய்விடும் என்கிறார் நண்பர். (தாம்பரம்)

அந்த நண்பரை மேடைப் பக்கம் விடாதீர்கள். ஹம் போகும், எங்கேயாவது லீக்கேஜ் இருந்தால் கூடவே நீங்களும் போவீர்கள். கம்பியில் கை, மைக்கில் உதடு, 230 வோல்ட். டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளுங்கள், அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கிறது. அப்புறம் உங்கள் ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். சீரியல் லைட் போட்ட லைன் பக்கமே போகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கம்பி கழுத்துப் பலகையை விட்டு உயர்ந்துவிடுகிறது, ஏன்? (திருவான்மியூர்)

ஈரம். மேல்பலகை உப்புகிறது. கிட்டாரைக் கேஸில் வைத்து மூடுங்கள், கடல்காற்று படும் சுவரில் மாட்டாதீர்கள். ஏ.சி. ஹாலுக்குப் போனால் கேஸைத் திறந்து 20 நிமிஷம் கழித்துச் சுருதி சேருங்கள். கிட்டாருக்குள் ப்ரீஆம்ப் இருந்தால் அதன் 9 வோல்ட் பேட்டரியையும் பாருங்கள். ஜாக்கைச் செருகியே வைத்திருந்தால் அது இரவெல்லாம் தீர்ந்துகொண்டிருக்கும்.

பிக்கப்பே வேண்டாம், மைக் வைத்து வாசிக்கலாமா? (ஆழ்வார்பேட்டை)

ஊசி விழுந்தால் கேட்கிற சபை, எதிரே மானிட்டர் (வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) இல்லை என்றால் தாராளமாக. மைக்கை 12-ஆவது கட்டைக்கு (ஃப்ரெட்) நேராக ஒரு ஜாண் தள்ளி வையுங்கள். மற்ற இடங்களில் ஆசையை அடக்குங்கள்.

மைக் செட் அண்ணன் நான் சொல்வதைக் கேட்பதே இல்லை. (கொளத்தூர்)

ஒரு மணி நேரம் முன்னால் போ. ஜாக்கை நீட்டாமல், உன் ப்ரீஆம்பிலிருந்து எக்ஸ்.எல்.ஆர். கேபிளை (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்) நீட்டு. "அண்ணே, லைனை ஃபிளாட்டா விடுங்க, டோனை நான் இங்கயே பாத்துக்கறேன்" என்று சொல். அவருக்கும் ஒரு வேலை குறைகிறது, மறுக்க மாட்டார். டீ வந்தால் முதல் கிளாஸை அவரிடம் கொடு.