கையில கண்ணு வெச்சிருக்கிற பொண்ணு யாருன்னு கேட்டவருக்கு
பிரதர், பூக்காம்புல ரெண்டு கண்ணு முளைச்சிருக்கே, பேய்ப் படமான்னு கேட்டிருந்தீங்க. பேயெல்லாம் இல்ல, அது கிறிஸ்தவப் புனிதரான லூசியா, இத்தாலி ஓவியர் பிரான்செஸ்கோ தெல் கோசா 1473-74 வாக்குல அங்க போலோன்யா ஊர்ல ஒரு சர்ச் பீடத்துக்கு வரைஞ்சது, இப்ப வாஷிங்டன் நேஷனல் கேலரில இருக்கு. லூசியாவோட கண்ண நோண்டிட்டாங்கன்னு சொல்றது பின்னாடி சேர்ந்த கதை, லூசியாங்கிற பேரே லத்தீன்ல வெளிச்சத்தோட சம்பந்தப்பட்டது, அதான் கண்ணு அவங்க அடையாளமாச்சு. ஜூம் பண்ணிப் பாருங்க, மொட்டு இருக்க வேண்டிய இடத்துல கண்ணு, ஆனா முகத்துலயும் ரெண்டு கண்ணு பத்திரமா இருக்கும்! இன்னொரு கையில இருக்கிற குருத்தோலைக்கு வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிரக் கொடுத்தவங்கன்னு அர்த்தம், அது நிறைய புனிதர் கையில இருக்கும், அத மட்டும் வெச்சு ஆளக் கண்டுபிடிக்க முடியாது. தட்டுல ரெண்டு மார்பு இருந்தா அது புனித ஆகத்தா, நான் ரொம்ப நாள் அத பன்னுன்னு நெனச்சிட்டிருந்தேன்.