ஓடுபாதையில் நடந்தவரிடம் கேளுங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் பிறந்து, விமான நிலையச் செயற்பாடு, பாதுகாப்பு, ஆலோசனை என்று முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்த முகாமையாளர் ஒருவர் இம்மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

விமான நிலைய முகாமையாளருக்கு என்னதான் வேலை? குளிரூட்டிய அறையில் இருந்து கையெழுத்து வைப்பதுதான் என்கிறார் என் அப்பா.
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

மகள், கையெழுத்தும் உண்டு. ஆனால் என் நாள் விடியப்புறம் நாலரை மணிக்கு, ஓடுபாதையின் தலைமாட்டில் ஒரு மஞ்சள் வாகனத்தில்தான் தொடங்கும். முதல் விமானம் இறங்குவதற்கு முன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்து முடிக்கவேண்டும். விளக்குகள் எரிகின்றனவா, தார் பெயர்ந்திருக்கிறதா, இரவு மழை எங்காவது தேங்கி நிற்கிறதா என்று பார்ப்போம். சந்தேகம் வந்தால் இறங்கி நடப்போம்.

ஒரு நாள் விரலளவு மரையாணி ஒன்று கிடைத்தது. அதன் தலை தேய்ந்து பளபளத்தது. புரியில் எண்ணெய் இன்னும் காயவில்லை. காயாத எண்ணெய் என்றால் அன்றிரவு விழுந்தது. எந்த விமானத்திலிருந்து விழுந்ததோ என்று, இரவில் புறப்பட்டுப்போன மூன்று விமானங்களுக்கும் செய்தி அனுப்பினோம். காலை ஏழு மணிக்குத்தான் அது எங்கள் இழுவை வண்டி ஒன்றின் கொழுவியில் இருந்து கழன்றது என்று கண்டுபிடித்தோம். அதுவரை என் நெஞ்சு அடித்த அடி எனக்குத்தான் தெரியும். 2000 ஜூலை 25ஆம் திகதி பாரிஸில் கொன்கோர்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்ததற்கு, முன்னால் புறப்பட்ட வேறொரு விமானத்திலிருந்து விழுந்த, ஏறக்குறைய ஒரு முழத் தகடுதான் தொடக்கம். தகடு ரயரைக் கிழித்தது, சிதறிய ரயர்த் துண்டு எரிபொருள் தாங்கியில் அடித்தது.

மட்டக்களப்பில் பிறந்த நீங்கள் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்?
– ஆசிரியர், திருக்கோவில்

1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு கட்டுநாயக்க விமான நிலையத்தை நெருங்கிய டி.சி. 8 விமானம் ஒன்று, ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோப்பில் விழுந்தது. ஹஜ் முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த இந்தோனேசிய யாத்திரிகர்கள் அதில் இருந்தார்கள். 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். அப்பா பத்திரிகையை உரக்க வாசித்தார். அம்மா அடுப்படியில் இருந்து எழுந்து வந்து, யாரோ தெரியாத அந்தச் சனத்துக்காக அழுதார். எட்டாம் நாள் இரவு, நவம்பர் 23, சூறாவளி எங்கள் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கிடுகு, பாய், அந்தப் பத்திரிகை எல்லாம் போயின. விடிந்ததும் வெளியே வந்து பார்த்தால், எங்கள் வளவைச் சுற்றித் தலையோடு நின்ற தென்னை ஒன்றுகூட இல்லை. முறிந்த மரங்களுக்கு நடுவே நின்ற எனக்கு அந்தக் கட்டுநாயக்கத் தோப்புத்தான் கண்ணில் வந்தது. நிலத்தில் இருந்தவர்கள் எத்தனை நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று யோசித்தேன். இருபத்திரண்டு வயதில் தீயணைப்புப் பிரிவுக்கு விண்ணப்பம் எழுதியபோதும் அதே யோசனைதான்.

மட்டக்களப்பு விமான நிலையத்தில் பெரிய விமானங்கள் எப்போது இறங்கும்?
– வர்த்தகர், அக்கரைப்பற்று

திமிலைதீவு ஓடுபாதை 1,500 மீற்றரை ஒட்டிய நீளம். கட்டுநாயக்கவினுடையது 3,350 மீற்றர். 1958இல் திறந்து, 1983இல் விமானப் படையிடம் போய், 2016இல் மீண்டும் பொதுமக்களின் பாவனைக்கு வந்த நிலையம் அது. இறக்கையில் விசிறி சுழலும், எழுபது பேர் ஏறும் விமானத்துக்கு அந்த நீளம் போதும். முதலில் அந்த அளவு விமானம் தவறாமல் வந்து போகட்டும் என்பதே என் ஆசை. நிலத்தை வாவி அணைத்துக் கிடக்கிறது. நீட்டுவது சின்ன வேலை அல்ல.

விமான நிலையப் பக்கம் கோழிக் கழிவு கொட்டவேண்டாம் என்கிறார்கள். விமானத்துக்கும் கோழிக் குடலுக்கும் என்ன சம்பந்தம்?
– விவசாயி, வவுணதீவு

ஐயா, குடலுக்குப் பருந்து வரும், காகம் வரும். அவை வட்டமிடும் உயரமும் விமானம் இறங்கி ஏறும் உயரமும் ஒன்று. 2009 ஜனவரி 15ஆம் திகதி நியூயோர்க்கில் ஏறிக்கொண்டிருந்த விமானத்தின் இரண்டு இயந்திரங்களுக்குள்ளும் வாத்துகள் புகுந்தன. விமானி அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். எல்லா விமானத்துக்கும் பக்கத்தில் அப்படி ஓர் ஆறு இருக்காது.

உங்கள் உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னாலும் அப்படியே வரும். புல்லை வெட்ட வெட்டப் பூச்சி எழும்பும், பூச்சிக்குக் கொக்கு இறங்கும். நான் பொறுப்பில் இருந்த இடங்களில், விமானம் இல்லாத இரவு வேளையில்தான் புல் வெட்ட வைத்தேன். வெடி போட்டுக் கலைப்பதைவிட அது பலித்தது.

இன்னும் உறுத்தும் பிழை ஏதும் உண்டா?
– வங்கி ஊழியர், கல்முனை

உண்டு. வளைகுடா நாடொன்றில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தேன். நள்ளிரவுக்குப் பின் பராமரிப்பு வாகனம் ஒன்று அனுமதியின்றி ஓடுபாதைக்குள் புகுந்தது. இறங்க வந்த விமானத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் மீண்டும் மேலே ஏறச் சொன்னது. ஒருவருக்கும் காயமில்லை. வாகனத்தை ஓட்டியவர் ஏறாவூர்ப் பிள்ளை. காலையில் என் மேசைக்கு முன்னால் தொப்பியை இரண்டு கைகளாலும் பிசைந்துகொண்டு நின்றார். ஐந்து நிமிடம் உட்காரவைத்து என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஓட்டும் அனுமதியைப் பறித்தேன். மூன்று மாதத்தில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் வாரந்தோறும் வந்துகொண்டிருந்த சம்பவ அறிக்கைகள் ஏறக்குறைய நின்றுபோயின. பாதுகாப்பு கூடிவிட்டது என்று மேலிடம் பாராட்டியது. நானும் அதை நம்பினேன். ஓராண்டு கழித்து ஒரு மின்பணியாளர், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஓடுபாதை வருகிறது, நில் என்று மின்னி எச்சரிக்கும் மஞ்சள் விளக்குகள் அந்த இடத்தில் இரண்டு. ஒன்று எட்டு நாளாக எரியவில்லை. மற்றதைப் புழுதி மூடியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு அன்று அது பதின்மூன்றாவது மணிநேர வேலை.

விடுமுறையில் வந்தபோது ஏறாவூரில் அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். திண்ணையில் இருத்தித் தேநீர் தந்தார். “கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் சேர்” என்றார். வேறு ஒரு குறையும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்து வேலை பார்த்த இடத்தில், தன் பிழையைத் தானே வந்து சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துச் சுவரில் ஒட்டினேன். குடித்துவிட்டு வந்தவருக்கும் வேண்டுமென்றே செய்தவருக்கும் மட்டும் அது பொருந்தாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013இல் பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கென்றே 19ஆவது இணைப்பு என்ற விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. தகவல் தருபவர்களைக் காக்கவேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. எனக்கு அதைக் கற்றுத்தந்தது அந்தத் திண்ணை.

மூன்று பிள்ளைகளுடன் கணவரிடம் கட்டாருக்குப் போகிறேன். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, சம்மாந்துறை

சகோதரி, ஆசனத்தில் அமர்ந்ததும் அவசர வாயில் எத்தனை வரிசை முன்னால், எத்தனை வரிசை பின்னால் என்று பிள்ளைகளைக் கொண்டே எண்ண வையுங்கள். புகையில் கண் தெரியாது, கைதான் தடவி எண்ணும். வெளியேறச் சொன்னால் எந்தப் பையையும் எடுக்கவேண்டாம். கடவுச்சீட்டு இருக்கும் பையைக்கூட விட்டுவிடுங்கள். 2024 ஜனவரி 2ஆம் திகதி தோக்கியோ ஹனேடாவில் பயணிகள் விமானம் தரையிறங்கும்போது கடலோரக் காவல் விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரியதில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். ஊழியர்களின் சொல் கேட்டு, பைகளை விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு பெரிய காரணம்.

ஆலோசகராக ஒரு விமான நிலையத்துக்குப் போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
– பொறியியல் மாணவர், அம்பாறை

தம்பி, முதல் நாள் பணிப்பாளரின் அறைக்குப் போகமாட்டேன். இரவுப் பணியாளர்களோடு தேநீர் குடிப்பேன்; பழுதுப் பதிவேட்டைக் கேட்பேன். பக்கம் பக்கமாகப் பழுது எழுதியிருந்தால் நிம்மதி. வெறுமையாக இருந்தால் அன்று எனக்கு நித்திரை வராது.

பிறகு தீயணைப்பு. அழைப்புக் கிடைத்ததிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் முதல் வண்டி ஓடுபாதையின் எந்த முனைக்கும் போய் நுரை அடிக்கத் தொடங்கவேண்டும் என்பது விதி. ஒரு சிறிய நிலையத்தில் கடிகாரம் பிடித்தேன். 4 நிமிடம் 10 வினாடி ஆனது. வண்டி புதிது, ஆட்கள் கெட்டிக்காரர்கள். தாமதம் நடுவில் இருந்த வாயிற்கதவில். பூட்டின் சாவி காவலாளியின் இடுப்பில். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். பூட்டை எடுத்துவிட்டு, வண்டி மோதினால் உடைந்து வழிவிடும் கதவு போடச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துப் போய் மறுபடி பார்த்தேன். 2 நிமிடம் 40 வினாடி. நுரை அடித்துக்கொண்டிருந்த வண்டியிலிருந்து மூத்த தீயணைப்பாளர் ஒருவர் இறங்கி வந்து, நனைந்த கையுறையைக் கழற்றிவிட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பிக் கடிகாரத்தைத் தானே பார்த்தார்.