மழை ஓய்ந்த பிறகு ஏன் காய்ச்சல் பெருகுகிறது?

மழைக்கால நோய்கள் பற்றிய கேள்விகளுக்கு, கொசு ஒழிப்புப் பணியில் இருந்த பூச்சியியல் வல்லுநர் ஒருவரின் பதில்கள்.

தாம்பரம்: ஐயா, மழை நின்று மூன்று வாரம் ஆகிறது. இப்போதுதான் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டெங்கு. ஏன் இந்தத் தாமதம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, பறக்கும் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள். அது ஒரு நோயாளியைக் கடித்து, வைரஸ் அதன் குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய 8 முதல் 12 நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் தொடங்க இன்னும் 4 முதல் 10 நாள். ஆகவே மழை விட்ட முதல் வாரத்தை நழுவவிடாதீர்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ட்ரம்மின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் முட்டைகள் ஈரமே இல்லாமல் பல மாதம் தாக்குப்பிடிக்கும். காய்ச்சல் பரவிய பிறகு புகையடிக்கக் கேட்டு மனுக் கொடுக்கிறோமே, அந்த அக்கறை மூன்று வாரம் முன்பே வரக் கூடாதா என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

கோவில்பட்டி: இங்கே மழையே இல்லை, டெங்கு மட்டும் எப்படி?

குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வருமென்றால் வீடெல்லாம் குடமும் தொட்டியும் நிறைத்து வைப்போம். ஏடிஸுக்கு அது போதும். மூடி வையுங்கள்.

ஊட்டி: குளிர் எங்களைக் காக்குமா?

பெருமளவு காக்கும். குளிரில் வைரஸ் முதிர்வதற்குள் கொசுவின் ஆயுளே முடிந்துவிடுகிறது. ஆனால் மேட்டுப்பாளையம் போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினையுங்கள்.

வேலூர்: நனைந்தால் சளி பிடிக்கும் என்று அம்மா திட்டுகிறார், சார்.

வைரஸ் இல்லாமல் பிடிக்காது. ஆனாலும் அம்மா கவனித்தது பொய்யில்லை. ஸ்ரீநகரில் இன்ஃப்ளூயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சல் குளிர்காலத்தில் உச்சம் தொடுகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையின்போது. மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருப்பதும் ஒரு காரணம். வீட்டில் முதியவர்கள் இருந்தால் ஃப்ளூ தடுப்பூசி பற்றிச் செப்டம்பரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்.

கடலூர்: வெள்ளச் சேற்றை அள்ளிய என் தம்பிக்குக் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண்கள் சிவந்திருக்கின்றன. கொசுக்கடியாலா?

எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் வெள்ளநீரில் கலந்து, காலில் உள்ள கீறல் வழியே கிருமி நுழைகிறது. கடையில் மாத்திரை வாங்கிக் காத்திருக்க வேண்டாம். இன்றே அழைத்துச் செல்லுங்கள். வெள்ளத்தில் நின்றவர் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.