மைதானம் ஒரு கந்தோர், மயக்கம் இன்னொரு கந்தோர்: யாரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் ஒரு கரையோரக் கிராமம் எங்களுடையது. நான் இளைஞர் கழகச் செயலாளர், வயது 24. மாரி வந்தால் எங்கள் மைதானத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். லைட் இல்லை. கரப்பந்து பழகும் பெண் பிள்ளைகளில் இரண்டு பேர் அண்மையில் மயங்கி விழுந்தார்கள். உதைபந்து ஆடும் ஒரு தம்பிக்கு முழங்கால் பிசகி இன்னும் ஓட முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு சபைக்குப் போனால் செயலகத்துக்குப் போ என்கிறார்கள். செயலகத்தில் மாகாணம் என்கிறார்கள், மாகாணத்தில் கொழும்பு என்கிறார்கள். உண்மையில் இது யாருடைய பொறுப்பு ஐயா?

பதில்: தம்பி, உங்களை அலைக்கழித்தவர்கள் யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஒரே கடிதத்தில் நான்கு விஷயம் கேட்டிருக்கிறீர்கள், நான்கும் ஒரே இடத்துக்குரியவை அல்ல. அதனால் எந்தக் கந்தோரில் கொடுத்தாலும், "இதில் எங்களுக்குச் சம்பந்தமில்லாதது இருக்கிறதே" என்று திருப்பிவிட அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. முதல் வேலையாக அந்தக் கடிதத்தைப் பிரித்து எழுதுங்கள்.

பிரிப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றல்ல. சபை நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தது. அது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இயங்குகிறது, அதை மேற்பார்வை செய்வது மாகாணம். செயலகம் மத்திய அரசின் நிருவாகக் கை, அங்கே இருப்பவர் நியமிக்கப்பட்ட அதிகாரி. இரண்டும் பல ஊர்களில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள் என்பதால் நம் இளைஞர்கள் அடிக்கடி மாறிப் போகிறார்கள்.

மாகாணத்தின் பங்கு அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலிருந்து வருகிறது. போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளும் தவிர்ந்த பொது வைத்தியசாலைகள், பொதுச் சுகாதாரம், சுகாதாரக் கல்வி, போசாக்கு எல்லாம் மாகாணப் பட்டியலில் இருக்கின்றன. தேசியக் கொள்கையும் வழிகாட்டலும் கொழும்பிலிருந்து வரும், செயற்படுத்துவது இங்கே. விளையாட்டுக்கு 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் மத்திய அரசின் சட்டமாக இருக்கிறது, அதோடு கிழக்கு மாகாணத்துக்கென்று தனி விளையாட்டுத் திணைக்களமும் உண்டு. மாகாண நிருவாகத்தின் தலைமையிடம் திருகோணமலை நகரம் என்பதால் அம்பாறைப் பிள்ளைகள் விடியற்காலை பஸ் ஏறி வரவேண்டிய இடத்துக்கு நீங்கள் சுலபமாகப் போய்வரலாம்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு பல வருடங்களாகத் தேர்தல் இல்லாமல் ஆளுநரும் செயலாளர்களுமே நிருவாகத்தை நடத்தி வந்திருக்கிறார்கள். ஊர்ப் பிரச்சினையை மாகாண மட்டத்தில் எழுப்ப ஒரு மக்கள் பிரதிநிதி இல்லாததன் பாதிப்பை உங்களைப் போன்ற கழகங்கள்தான் அதிகம் சுமக்கின்றன. இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

சரி, மைதானத்துக்கு வருவோம். தண்ணீர் வடிவதைப் பற்றிப் பேச முன், அந்தக் காணி யாருடையது என்று பாருங்கள். ஊரார் தலைமுறையாக விளையாடுவதால் அது சபையின் மைதானம் ஆகிவிடாது. நம் மாவட்டத்தில் பிரதேச செயலகத்தின் கீழுள்ள அரச காணி, துறைமுக அதிகார சபையின் காணி, வன இலாகாவின் காணி, கோயில் காணி, பள்ளிவாசல் காணி என்று எதுவாகவும் இருக்கலாம். சபைக்கு உரித்தில்லாத காணியில் சபை பணம் செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும். சபையின் தலைவரான தவிசாளர் நல்ல மனதோடு இருந்தாலும் கையெழுத்து வைக்கத் தயங்குவது அதனால்தான். விதானையாரிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) காணியின் விபரத்தைக் கேட்டுக்கொண்டு, செயலகத்தின் காணிக் கிளையில் நில அளவை வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். அரச காணி என்றால், அதை மைதானத்துக்கென ஒதுக்கிச் சபையிடம் கையளிக்கும்படி பிரதேச செயலாளருக்கு எழுதுவதுதான் உங்கள் முதல் கடிதம். சபையின் காணியாகவே இருந்தால் நேரே தவிசாளருக்கு எழுதி, உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி கொடுங்கள்.

"மைதானத்தைப் புனரமைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: "மைதானத்தின் கிழக்குப் பக்கம் வீதியை விடத் தாழ்வாக உள்ளது. வீதி வாய்க்காலின் மதகு மண்ணால் மூடிக் கிடக்கிறது. மதகைத் துப்புரவாக்கி, மைதான ஓரமாக ஒரு வடிகான் வெட்டினால் தண்ணீர் வடியும். வேலை ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். படங்கள் இணைப்பு." இதைப் படிக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு போடலாம். மதிப்பீடு இல்லாத வேலைக்கு எந்த மட்டத்திலும் காசு வராது. சபையின் நிதியாண்டு தை மாதம் தொடங்குகிறது, பாதீடு முந்திய வருடக் கடைசியில் நிறைவேறும். ஆகவே ஆவணி, புரட்டாதிக்குள் உங்கள் மதிப்பீடு சபையின் கையில் இருக்க வேண்டும். வருடக் கடைசியில் கிடைக்கும் காசை நம்பி மாரிக்குள் மண் கொட்டினால் மண்ணும் போகும், காசும் போகும்.

லைட் கேட்கும்போது மின்பட்டியல் யாருடைய பெயரில் வரும், மாதாமாதம் யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அரசியல்வாதி ஒருவரின் ஒதுக்கீட்டில் கம்பம் நட்டு, பட்டியல் கட்ட ஆளில்லாமல் லைன் வெட்டப்பட்ட மைதானங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்றுநர், பந்து, வலை, போட்டி ஆகியவற்றுக்குச் சபையை நாடாதீர்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் விளையாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். தேசிய விளையாட்டு விழாவுக்கான போட்டிகள் பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று படிப்படியாகப் போவதும் அவர் வழியாகத்தான். ஆனால் உங்கள் இளைஞர் கழகம் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் பதிவானது. விளையாட்டுக் கழகமாகப் பதிவது தனி வேலை. யாப்பு, உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயார் செய்து அந்தப் பதிவையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது மயக்கம். உங்கள் கேள்வியில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது இதுதான். மைதானம் அடுத்த வருடம் வரை காத்திருக்கலாம், இந்தப் பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. இரண்டு பேரையும் இந்த வாரமே பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு (ஓ.பி.டி.) வீட்டாரோடு அனுப்பி, இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போதே விழுந்தார்களா, நெஞ்சு படபடத்ததா, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருக்கிறார்களா என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் இதயத்தைப் பரிசோதிக்கும் வரை பயிற்சி வேண்டாம். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் நாலரைக்கு முன் யாரையும் மைதானத்தில் இறக்காதீர்கள். மதியம் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் யார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு வளையம் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) கந்தோரின் குழு 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில் மருத்துவப் பரிசோதனை செய்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் பாடசாலை வழியாகவே கிடைக்கிறது. பள்ளியை விட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளையை அப்படித் தேடிப் போக யாரும் இல்லை. தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை இளைஞர் என்கிறது, அந்த வயதின் பெரும்பகுதி இந்த வளையத்துக்கு வெளியே கிடக்கிறது. உங்கள் கழகம் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பலாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கழகத்தின் கடிதத் தலைப்பில் எழுதி, ஒரு நாள் பரிசோதனை முகாமும் போசாக்கு வகுப்பும் கேளுங்கள். பிரதியைத் திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். பெண் பிள்ளைகள் தயங்காமல் பேசக் குடும்ப நல உத்தியோகத்தரும் வரவேண்டும் என்று கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

முழங்கால் தம்பியை இனிமேல் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். கிராமத்து வைத்தியசாலையில் காட்டி, மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பும் துண்டை டாக்டரிடம் வாங்குங்கள். சவ்வு கிழிந்ததா என்று தெரியாமல் ஓடினால் கால் நிரந்தரமாகப் பழுதாகலாம். மாகாண மட்டத்தில் ஆடுகிறவர் என்றால் கொழும்பில் விளையாட்டு அமைச்சின் கீழுள்ள விளையாட்டு மருத்துவ நிறுவனத்தையும் நாடலாம், அதற்கு விளையாட்டு உத்தியோகத்தரிடம் வழி கேளுங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கழகத்தில் யாராவது மனம் உடைந்து இருந்தால் 1926, போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தால் 1927 என்ற இலக்கங்களை அழைக்கலாம். இரண்டையும் கழகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இவ்வளவுக்கும் பதில் வராவிட்டால் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. ஒவ்வொரு அரச கந்தோரிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் இந்நாட்டுப் பிரஜைகள் என்றால் கழகத்தின் பெயரிலும் கேட்கலாம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். "எங்கள் மைதானக் காணி யாருக்கு உரித்தானது, கடந்த மூன்று வருடங்களில் அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு" என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் பெறுவது உங்கள் உரிமை. கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்கி ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். செயலாளர் மாறினாலும் அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.