வ.உ.சி. பேச்சு: செக்கிலிருந்து தொடங்க வேண்டாம்

மகளின் 3 நிமிடப் பேச்சை எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். செக்கிழுத்ததில் தொடங்கினால் அவர் துன்பப்பட்டவராக மட்டுமே நிற்பார். ஆங்கிலேயர் ஏன் அஞ்சினர் என்பது விடுபடும்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொடங்குங்கள். கப்பல் முதலாளிகளோடு மோதிய வழக்கறிஞர் ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றார். மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வு கிடைத்தது. மார்ச் 9 வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதற்கான விழா. மார்ச் 12 வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. இந்த வேகமே பேச்சின் உயிர், தேதிகளை விடாமல் சொல்லட்டும்.

கப்பல் கதைக்கு 2 வரி போதும்: 1906இல் பதிவான சுதேசி கம்பெனி, பங்கு ஒன்று 25 ரூபாய், காலியா, லாவோ என 2 கப்பல்கள். "இந்தியாவின் முதல் கப்பல் கம்பெனி" என்று எழுதிவிடாதீர்கள். டாட்டா 1890களிலேயே கப்பல் விட்டவர். நடுவர் இதைப் பிடித்தால் மதிப்பெண் போகும்.

தண்டனையிலும் கவனம். நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 ஆண்டு, மேல்முறையீட்டில் குறைந்தது, 1912 டிசம்பரில் விடுதலை. "40 ஆண்டு சிறையில் இருந்தார்" என்பது தவறு. செக்கு இந்த இடத்தில் வரட்டும், கோவைச் சிறை என்று ஊர்ப்பெயரோடு.

மொத்தம் 250 சொற்களுக்குள் நிறுத்துங்கள். கூடினால் கடைசிப் பகுதியில் ஓட வேண்டிவரும்.